ஜப்பானில் ரயில் பாஸ் வாங்கலாமா? முதலில் சூட்கேஸைப் பற்றி முடிவெடுங்கள்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். மகன் மூன்று வருடமாக ஜப்பானில் சிபா நகரில் வேலை செய்கிறார். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு இரண்டு கிழமைக்கு அவரிடம் போக இருக்கிறோம். டோக்கியோவைத் தவிர கியோட்டோ, ஹிரோஷிமா இரண்டையும் பார்க்க ஆசை. கனடாவில் இருக்கும் தங்கை முன்பு போய்வந்தவள். "கண்ணை மூடிக்கொண்டு ரயில் பாஸ் வாங்கு, எல்லா இடமும் அதிலேயே போகலாம்" என்கிறாள். மகனோ, "வாடகைக்குக் கார் எடுத்து நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்" என்கிறார். கணவருக்கு முழங்கால் வருத்தம், படி ஏறி இறங்கக் கஷ்டம். எங்களிடம் இரண்டு பெரிய சூட்கேஸ் இருக்கும். பாஷையும் தெரியாது. என்ன செய்வது நல்லது?

பதில்: ரீச்சர், முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதற்குமான பாஸ் உங்களுக்கு வேண்டாம். காரும் வேண்டாம். பெரிய சூட்கேஸ் இரண்டையும் மகன் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆளுக்கொரு சிறிய பையோடு ஒசாக்காவுக்குப் போங்கள். ஷின்-ஒசாக்கா நிலையத்துக்குப் பக்கத்தில் நான்கைந்து இரவு ஒரே ஹோட்டலில் தங்குங்கள். கியோட்டோவையும் ஹிரோஷிமாவையும் அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமாகப் பாருங்கள். முழங்கால் வருத்தம் உள்ளவரோடு போகும்போது எத்தனை கிலோமீற்றர் ரயிலில் இருக்கிறோம் என்பது பெரிய காரியமில்லை. எத்தனை தடவை பொதியோடு இடம் மாறுகிறோம், நிலையத்துக்குள் எவ்வளவு நடக்கிறோம் என்பதுதான் ஆளைக் களைக்கப் பண்ணும். டிக்கெட் கணக்கையும் அதை வைத்தே போட வேண்டும்.

பாஸ் விடயம். உங்கள் தங்கை சொன்னது அவர் போன காலத்துக்குச் சரியாக இருந்திருக்கும். ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் ஏழு நாள் பாஸ் 2023 ஒக்டோபருக்கு முன் 29,650 யென். டோக்கியோவில் இருந்து கியோட்டோ போய்வந்தாலே கிட்டத்தட்ட அந்தக் காசு வந்துவிடும், ஆகவே எல்லோரும் வாங்கினார்கள். அந்த ஒக்டோபரில் அது ஒரேயடியாக 50,000 யென் ஆனது. கணக்குக்கு ஒரு யென்னை 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய்.

இப்போது உங்கள் பாதையைக் கூட்டிப் பாருங்கள். ஷின்கன்சென் எனப்படும் அதிவேக ரயில்களில் ஒன்றான நொசோமியில், பதிவு ஆசனத்தில் டோக்கியோவில் இருந்து கியோட்டோ ஏறத்தாழ 14,000 யென். கியோட்டோவில் இருந்து ஹிரோஷிமா 11,500 அளவில். ஹிரோஷிமாவில் இருந்து டோக்கியோ 20,000-க்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் சேர்த்து 45,000, 46,000. பாஸை விட நாலாயிரம், ஐயாயிரம் யென் குறைவு. அதோடு முடியவில்லை. மிக வேகமான நொசோமி, மிஸூஹோ ரயில்களில் இந்தப் பாஸை மட்டும் காட்டி ஏற முடியாது. டோக்கியோவில் இருந்து கியோட்டோவுக்கு மேலதிகமாக 4,960 யென், ஹிரோஷிமாவுக்கு 6,500 யென் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அதை விடக் கொஞ்சம் மெதுவான ஹிக்காரி ரயிலில் போய், ஹிரோஷிமாவுக்கு இடையில் இறங்கி சக்குரா என்ற வேறு ரயில் மாற வேண்டும். மாகோ சந்தியில் இறங்கி அடுத்த ரயிலுக்கு நிற்பதைப் போன்ற நீண்ட காத்திருப்பு இல்லைத்தான், ஆனாலும் முழங்கால் வருத்தத்தோடு ஏன் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் கூட? பாஸ் தொடர்ச்சியாக ஏழு நாளுக்குத்தான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். மகன் வீட்டில் ஓய்வெடுக்கும் நாளும் அதில் ஓடிக்கொண்டேயிருக்கும்.

இன்னொன்று, பலர் கடைசி நேரத்தில்தான் அறிந்து தலையில் கை வைப்பது: இந்தப் பாஸ் 'தற்காலிக வருகையாளர்' என்ற நுழைவு அனுமதி உள்ளவருக்கு மட்டுமே. மகன் அங்கே வேலை விசாவில் வதிபவர், இலங்கைப் பாஸ்போட் வைத்திருந்தாலும் அவரால் பயன்படுத்த முடியாது. நீங்கள் இருவரும் பாஸிலும் அவர் டிக்கெட்டிலுமாகப் போனால் ரயில் தெரிவில் மூவரும் ஒருவரையொருவர் இழுத்துப் பிடிக்க வேண்டி வரும்.

உங்களுக்குப் பொருந்தக்கூடிய பாஸ் வேறொன்று இருக்கிறது. மேற்கு ஜப்பான் ஜே.ஆர். விற்கும் கன்சாய்–ஹிரோஷிமா பிரதேசப் பாஸ். ஐந்து நாளுக்குரியது, 2023 ஒக்டோபர் விலை உயர்வுக்குப் பின் 17,000 யென். வாங்கும் நாளில் விலையை ஒரு தடவை சரிபாருங்கள். ஷின்-ஒசாக்காவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையில் ஷின்கன்சென்னில் போகலாம், நொசோமியும் இதில் அடக்கம். கியோட்டோ, நாரா, ஒசாக்கா, ஹிமேஜி பக்கத்துச் சாதாரண ஜே.ஆர். ரயில்களும், ஹிரோஷிமாவுக்கு அப்பால் மியாஜிமா தீவுக்கான ஜே.ஆர். படகும் சேரும். கணக்கு இப்படி வரும்: டோக்கியோவில் இருந்து ஷின்-ஒசாக்கா போக 14,700 யென் அளவில், திரும்பி வர அதே தொகை, பாஸ் 17,000. மொத்தம் 46,000 சொச்சம். தனித்தனி டிக்கெட்டுக்கு வந்த அதே காசுதான். ஆனால் ஹோட்டல் மாற வேண்டியதில்லை, பையைத் தூக்கிக்கொண்டு ஹிரோஷிமா போக வேண்டியதில்லை, நாராவும் கியோட்டோவும் கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும். இதுவும் தற்காலிக வருகையாளருக்கு மட்டும் என்பதால் மகன் ஹிரோஷிமா போய்வரத் தனியாக 21,000, 22,000 யென் கட்டுவார்.

ஒரு விடயத்தில் கவனம்: ஷின்-ஒசாக்காவுக்கும் கியோட்டோவுக்கும் இடையில் ஓடும் ஷின்கன்சென் வேறு நிறுவனத்துடையது, அந்தத் துண்டில் இந்தப் பாஸ் செல்லாது. தெரியாமல் ஏறினால் முழுக் காசும் கேட்பார்கள். அந்த இடத்துக்கு 'விசேட கடுகதி' என்ற சாதாரண ஜே.ஆர். ரயிலில் ஏறுங்கள். 25 நிமிடம், பாஸ் போதும். கியோட்டோவில் தங்குவதை விட ஷின்-ஒசாக்காவில் தங்கச் சொல்வதும் இதனால்தான். ஹிரோஷிமாவுக்குப் போகும் நாளில் ஹோட்டலில் இருந்து நடந்து வந்து நேரே ஷின்கன்சென் ஏறலாம், ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம்.

நாள்களைத் தெரிவு செய்வதில் நீங்கள் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள், ஆனால் விளிம்பில். ஏப்ரல் 29-இல் இருந்து மே முதல் கிழமை வரை ஜப்பானியருக்குத் தொடர் விடுமுறை. 'கோல்டன் வீக்' என்பார்கள். நாடே புறப்பட்டு ரயிலில் இருக்கும். அந்த நாள்களில் நொசோமி முழுவதும் பதிவு ஆசனமாக மாறிவிடும், ஹோட்டல் விலையும் ஏறும். ஆகவே போய்ச் சேர்ந்து இரண்டு நாள் மகன் வீட்டில் இளைப்பாறிவிட்டு உடனே ஒசாக்கா பயணத்தை முடியுங்கள், டோக்கியோவைக் கடைசிக்கு வையுங்கள். 28-ஆம் திகதிக்குள் திரும்பும் விமானத்தில் ஏறிவிட்டால் நிம்மதி.

இனி சூட்கேஸ். ஒசாக்காவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் ஓடும் ஷின்கன்சென்களில் பொதிக்கு ஒரு அளவு உண்டு. நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் கூட்டினால் 160 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். சில்லையும் கைபிடியையும் சேர்த்தே அளந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் 250 வரை என்றால் ரயில் பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள இடத்தோடு சேர்த்து ஆசனம் பதிய வேண்டும். பதிவதற்குக் கூடுதல் காசு இல்லை. பதியாமல் கொண்டுபோனால் 1,000 யென் தண்டம், வைக்கும் இடமும் கண்டக்டர் காட்டும் இடம். வீட்டில் நாடா பிடித்து இன்றே அளந்து பாருங்கள். விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் பெரிய சூட்கேஸ் அநேகமாக 158 அளவில் இருக்கும், சில்லு வீங்கிய வகை என்றால் தாண்டிவிடும்.

அளவுக்குள் இருந்தாலும் அதைத் தலைக்கு மேல் தட்டில் ஏற்ற வேண்டுமே. முழங்கால் வருத்தக்காரர் 23 கிலோவைத் தூக்கக் கூடாது, மகன் இரண்டையும் தூக்கி முடியுமுன் பின்னால் ஆட்கள் நிற்பார்கள். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் 'தக்யூபின்' என்ற வீட்டுக்கு வீடு பொதிச் சேவையைப் பயன்படுத்துங்கள். கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட யமாட்டோ நிறுவனத்தின் வானைத் தெருவுக்குத் தெரு காண்பீர்கள். செவன்-இலெவன் கடையிலோ ஹோட்டல் வரவேற்பு மேசையிலோ கொடுத்தால் போதும். டோக்கியோ பக்கத்தில் இருந்து ஒசாக்காவுக்கு மறுநாள் போய்ச் சேரும். பெரிய பெட்டிக்கு 3,000 யென் சுற்றிவரும். மூன்று பக்கமும் கூட்டி 160 என்ற வகுப்புக்கு நிறை 25 கிலோ வரைதான், கூடினால் அடுத்த வகுப்புக் கட்டணம். ஆகவே இங்கிருந்து கட்டும்போதே ஒவ்வொன்றையும் 23 கிலோவோடு நிறுத்துங்கள். மருந்து, பாஸ்போட், ஒரு இரவுக்கான உடுப்பு இவை கைப்பையில் இருக்கட்டும். திரும்பும்போது நரிட்டா விமான நிலையத்துக்கு அனுப்புவதானால் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே கொடுக்க வேண்டும். முதல்நாள் கொடுத்துவிட்டு மறுநாள் கவுண்டரில் தேடி அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

கட்டுநாயக்காவில் இருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஒன்பது மணித்தியாலம் அளவில் பறக்கும். இரவு பறந்து காலையில் இறங்குவீர்கள். ஜப்பான் நேரம் எங்களை விட மூன்றரை மணித்தியாலம் முந்தியது, ஆகவே உடம்புக்கு அது இன்னும் விடியாத நேரம். சிபா, நரிட்டாவுக்கும் டோக்கியோவுக்கும் இடையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். டோக்கியோ நகருக்குள் போகவே வேண்டாம். ஜே.ஆர். சோபு பாதையின் கடுகதி ரயிலில் 45 நிமிடத்துக்குள் சிபா நிலையம். விமான நிலையத்து ஆட்கள் உங்களை நரிட்டா எக்ஸ்பிரஸ், ஸ்கைலைனர் பக்கம் காட்டுவார்கள். இரண்டும் நல்ல ரயில்கள், ஆனால் டோக்கியோ போகிறவர்களுக்கு. ஒன்பதரைக்கு முன் வெளியே வந்துவிட்டால் அவசரப்படாமல் ஒரு தேநீர் குடியுங்கள். காலை ஏழரையில் இருந்து ஒன்பது மணிவரை அலுவலக நெரிசல், இரண்டு சூட்கேஸோடு அதற்குள் புகுவது எல்லோருக்கும் தொல்லை.

அங்கேயே ஆளுக்கொரு ஐசி அட்டை, அதாவது காசு ஏற்றி வைத்துத் தொட்டுப் பயணிக்கும் அட்டை, எடுங்கள். வருகையாளருக்கு 'வெல்கம் சுயிக்கா' என்ற சிவப்பு அட்டை நரிட்டாவில் கிடைக்கும். வைப்புப் பணம் இல்லை, 28 நாள் செல்லும், மிச்சக் காசு திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே முதலில் 3,000 யென் போடுங்கள், தீரத் தீர நிலைய இயந்திரத்தில் தாளாகப் போட்டு நிரப்பலாம். இதை வாசலில் தொட்டுவிட்டு ரயில், பஸ், ட்ராம் எதிலும் போகலாம், கடையில் தண்ணீர்ப் போத்தலும் வாங்கலாம். இருவர் ஒரு அட்டையில் போக முடியாது, ஏனென்றால் உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை என்று ஆளுக்கு ஆள் கணக்கெடுக்கிறது. வெளியே வரும் வாசலில் காசு போதாமல் அடைத்துக்கொண்டால் பயப்பட வேண்டாம், பக்கத்திலேயே கட்டணம் சரிசெய்யும் இயந்திரம் இருக்கும், குறைவதைப் போட்டுவிட்டு வரலாம். பலர் சறுக்குவது வேறு இடத்தில்: இந்த அட்டை டோக்கியோ பகுதிக்குள் வேலை செய்யும், ஒசாக்கா பகுதிக்குள்ளும் வேலை செய்யும், ஆனால் ஒரு பகுதியில் தொட்டு ஏறி மற்றப் பகுதியில் தொட்டு இறங்க முடியாது. நெடுந்தூர ஷின்கன்சென்னுக்கு வேறு டிக்கெட் வேண்டும்.

அந்த டிக்கெட்டை மகனே தன் போனில், ஸ்மார்ட்-இஎக்ஸ் என்ற ஆப்பில், மூவருக்கும் ஒரே பதிவாக எடுக்கட்டும். நிலையத்து ஜன்னலில் எடுப்பதானால் பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன் காலை பத்து மணிக்கு விற்பனை தொடங்கும். தாள் டிக்கெட் என்றால் அடிப்படைக் கட்டணத்துக்கு ஒன்று, ஷின்கன்சென் வேகத்துக்கும் ஆசனத்துக்கும் ஒன்று என இரண்டு துண்டு தரலாம். இரண்டையும் ஒன்றாக அடுக்கி வாசலில் விடுங்கள், மறுபக்கம் வெளியே வரும் இரண்டையும் எடுங்கள். ஒன்றை எடுத்து மற்றதை மறந்துவிட்டு நடப்பது அங்கே அன்றாடம் நடப்பது. இறங்கும் நிலையத்தில் அது இல்லாமல் வெளியேற முடியாது.

ஆசனம் எதை எடுப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஷின்கன்சென் சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் ஏ, பி, சி என மூன்று, மறுபக்கம் டி, இ என இரண்டு. ஒசாக்கா பக்கம் போகும்போது ஃபுஜி மலை வலப்பக்கம், அதாவது இ ஜன்னலில் தெரியும், டோக்கியோவில் இருந்து முக்கால் மணித்தியாலத்தில். நீங்கள் இருவரும் டி, இ எடுங்கள், மகன் நடைபாதைக்கு அடுத்த பக்கம் சி. பெட்டி எண் 11 அல்லது 12 ஆக இருக்கட்டும். 11-இல் சக்கர நாற்காலிக்கான இடமும் விசாலமான கழிப்பறையும் இருக்கின்றன. நொசோமிக்கு 16 பெட்டி, ரயிலின் நீளம் 400 மீற்றர். தவறான முனையில் இறங்கிக்கொண்டு பெட்டியைத் தேடி நடந்தால் முழங்கால் அங்கேயே கெட்டுவிடும். மேடையில் பெட்டி எண் எழுதியிருக்கும் இடத்தில் பத்து நிமிடம் முன்னே நில்லுங்கள், இடை நிலையங்களில் ரயில் ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது.

இப்போது முழங்காலுக்காக ஒரு முக்கியமான மாற்றம். சிபாவில் இருந்து சோபு கடுகதி ரயிலில் டோக்கியோ நிலையத்துக்குப் போனால், நீங்கள் இறங்கும் மேடை நிலத்துக்குக் கீழே ஐந்தாவது தளத்தில் இருக்கும். ஷின்கன்சென் மேடையோ நிலத்துக்கு மேலே, நிலையத்தின் மறுபக்கம். இடையில் நீண்ட நடை, தளம் தளமாக ஏற்றம். மகனுக்கு அது ஒன்றுமில்லை, அதனால் அவர் யோசித்தும் இருக்கமாட்டார். அதே ரயிலில் இறங்காமல் இருந்தால் சற்று நேரத்தில் ஷினகாவா வரும். அங்கே உங்கள் மேடையும் ஷின்கன்சென்னும் அருகருகே. லிஃப்டில் ஒரு தளம் ஏறி, வாசல் தாண்டி, ஒரு தளம் இறங்கினால் முடிந்தது. டோக்கியோவில் புறப்படும் நொசோமி எல்லாமே ஷினகாவாவிலும் நிற்கின்றன. சிபாவில் ரயிலில் ஏறுமுன் அது ஷினகாவா தாண்டிப் போகும் ரயில்தானா என்பதை மட்டும் பலகையில் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போதும் இதே வழி.

லிஃப்ட் எல்லாப் பெரிய நிலையத்திலும் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. ஷின்ஜுக்கு நிலையத்துக்கு 200-க்கு மேற்பட்ட வாசல்கள். ஹோட்டலோ கடையோ எந்த வாசலுக்கு அருகில் என்பது தெரியாமல் வெளியே வந்தால் சாலையைச் சுற்றி அரை மணித்தியாலம் போகும். கூகுள் வரைபடத்தில் பாதை தேடினால் மேடை எண், ஏற வேண்டிய பெட்டி, வெளியேறும் வாசல் மூன்றையும் காட்டும். அந்த மூன்றையும் ரயிலில் இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பாஷை தெரியாததற்காகக் கவலை வேண்டாம். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறமும் எழுத்தும், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு எண்ணும் உண்டு. பெயரை வாசிக்க முடியாவிட்டாலும் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான பக்கம் போகிறோமா என்பது தெரிந்துவிடும்.

கணவருக்குக் கூச்சம் வேண்டாம் என்று சொல்லுங்கள்: ஆள் நிற்கும் வாசலில் போய் முழங்காலைக் காட்டி உதவி கேட்டால் நிலைய ஊழியர் சக்கர நாற்காலி கொண்டுவருவார், ரயிலுக்கும் மேடைக்கும் இடையில் பலகை போடுவார், இறங்கும் நிலையத்துக்கும் சொல்லி அங்கே ஒருவரை நிறுத்துவார். காசு இல்லை. அதற்கு அரை மணித்தியாலம் முன்னே போக வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு ஒன்று: நகரும் படியில் சேலைக் கொய்யகம் பல்லுக்குள் அகப்படும். லிஃப்ட் இல்லாத இடத்தில் கொய்யகத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள், நீண்ட பயண நாள்களில் சல்வார் வசதி. டோக்கியோவில் நகரும் படியில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாக்காவில் வலப்பக்கம்.

ஹிரோஷிமாவில் காரியம் இப்போது சுலபமாகிவிட்டது. 2025 ஓகஸ்டில் இருந்து ட்ராம் நிலையக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குள்ளேயே வந்து நிற்கிறது. அதில் ஏறி அணுகுண்டுக் குவிமாடத்தின் தரிப்பிடத்தில் இறங்கினால் நினைவுப் பூங்கா எதிரிலேயே. மியாஜிமாவுக்கு ஜே.ஆர். ரயிலில் அரை மணித்தியாலம், பிறகு பத்து நிமிடப் படகு. படகு பாஸில் அடங்கினாலும் தீவுக்கான 100 யென் வருகை வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம், ஆனால் காலை எட்டு மணிக்கு முன் புறப்பட வேண்டும். கணவருக்கு முடியாவிட்டால் தீவை விடுங்கள், பூங்காவையும் நூதனசாலையையும் ஆறுதலாகப் பாருங்கள்.

கியோட்டோவில் பல கோயில்கள் ரயில் பாதையில் இல்லை, பஸ் வேண்டும். பின் கதவால் ஏறி முன் கதவால் இறங்க வேண்டும், காசு இறங்கும்போது, நகருக்குள் பெரும்பாலும் 230 யென். முன்பு எல்லோரும் வாங்கிய பஸ் ஒரு நாள் பாஸை 2023-இல் விற்பதை நிறுத்திவிட்டார்கள். 1,100 யென்னுக்குப் பஸ்ஸும் நிலக்கீழ் ரயிலும் சேர்ந்த ஒரு நாள் டிக்கெட்தான் இப்போது. ஏப்ரலில் கியோட்டோ பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக வேண்டி வரும். மூன்று பேர் என்றால் நிலையத்தில் இருந்து கியோமிஸு கோயில் பக்கத்துக்கு டாக்சி எடுப்பதே என் பரிந்துரை, மூன்று பஸ் டிக்கெட்டை விடக் கூடத்தான், ஆனால் அந்த நாளைக் காப்பாற்றும். டாக்சிக் கதவைச் சாரதியே திறந்து மூடுவார், நீங்கள் இழுக்க வேண்டாம். டிப்ஸ் கொடுப்பதில்லை. இரவு பத்து மணிக்குப் பின் 20 வீதம் கூடும்.

கிராமப்புற பஸ்ஸில் ஏற நேர்ந்தால் ஏறும் இடத்தில் இயந்திரம் ஒரு எண் துண்டு நீட்டும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே ஓடும் தொகையை இறங்கும்போது சில்லறையாகப் போட வேண்டும். துண்டை எடுக்காவிட்டால் முதல் தரிப்பில் இருந்து ஏறியவர் கணக்கு.

காருக்கு வருவோம். இது உங்கள் மகனிடம் அப்படியே காட்ட வேண்டிய பந்தி. ஜப்பான் 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படியான சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஏற்கிறது, இலங்கையும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. ஆனால் அது ஜப்பானில் இறங்கிய நாளில் இருந்து ஒரு வருடத்துக்குத்தான். அங்கே வதிவோர் ஊருக்கு வந்து புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அந்த ஒரு வருடம் மீண்டும் தொடங்காது. மூன்று வருடமாக இருப்பவர் ஜப்பானிய அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டினால் அது அனுமதிப்பத்திரமின்றி ஓட்டிய குற்றம், விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும், விசாவும் ஆபத்தில் விழும். வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை மாற்றிக்கொள்ளும் பரீட்சையை 2025 ஒக்டோபரில் இறுக்கிவிட்டார்கள்: முன்பு 10 கேள்வி, இப்போது 50, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்க வேண்டும். அவர் ஏற்கெனவே ஜப்பானிய அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தால் சட்டச் சிக்கல் இல்லை. அப்போதும் ஒசாக்கா வரை காரில் போகச் சொல்லமாட்டேன். ஒரு வழிக்கு 500 கிலோமீற்றருக்கு மேல், ஒருவரே சாரதி, அதிவேகப்பாதைக் கட்டணமே ஒரு பக்கத்துக்கு 10,000 யென் சுற்றிவரும், நகருக்குள் தரிப்பிடக் காசு வேறு. மூவராகப் பகிர்ந்தால் ரயிலை விடக் குறையலாம் என்பது உண்மை, ஆனால் ஏழெட்டு மணித்தியாலம் முழங்காலை மடித்து இருப்பது ரயிலில் இரண்டரை மணித்தியாலம் காலை நீட்டி இருப்பதற்கு ஈடாகாது. சிபாவுக்குக் கீழே உள்ள கடற்கரைக் கிராமங்களுக்கோ ஃபுஜி ஏரிகளுக்கோ ஒரு நாள் எடுக்கட்டும், அங்கே கார் உண்மையில் உதவும். எங்களைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். இரண்டு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும்: ரயில் கடவையில் கதவு திறந்திருந்தாலும் முழுதாக நிறுத்திப் பார்த்தே கடக்க வேண்டும், சிவப்பு விளக்கில் பச்சை அம்பு இல்லாமல் இடப்பக்கமும் திரும்பக் கூடாது.

ரயில்கள் நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில் நின்றுவிடும், திரும்ப ஓடுவது விடிகாலை நாலரை, ஐந்துக்குத்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் போகும்போதே திரும்பும் கடைசி ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கம் வந்தால் ஷின்கன்சென் தானாகவே நிற்கும், உள்ளேயே இருங்கள், அறிவிப்பு ஆங்கிலத்திலும் வரும். இரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ பிந்திப் போய்ச் சேர்ந்தால் வேகக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். டிக்கெட்டை எறியாமல் நிலையத்தில் காட்டுங்கள்.

காசு கட்டும் ஒழுங்கு முக்கியம். விசா விண்ணப்பத்தோடு நாள்வாரியான பயண நிரல் ஒன்று கொடுக்க வேண்டும், மேலே சொன்ன ஒழுங்கில் அதை எழுதலாம். விசா கைக்கு வந்த பிறகே ஷின்கன்சென்னும் பாஸும். ஹோட்டலை இலவசமாக இரத்துச் செய்யக்கூடிய வகையில் முன்னரே பதியுங்கள். நரிட்டாவில் இறங்கும்போது பாஸ்போட்டில் 'தற்காலிக வருகையாளர்' என்ற ஒட்டு விழுந்திருக்கிறதா என்று மேசையை விட்டு நகருமுன் பாருங்கள், பாஸைக் கையில் தருபவர் அதைத்தான் கேட்பார்.

களுவாஞ்சிகுடியில் இருந்து கட்டுநாயக்கா போவதற்குக் கொழும்புக்குள் நுழையத் தேவையில்லை. பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ளை, குருநாகல் வழியாக நீர்கொழும்புப் பக்கம் இறங்கலாம். வான் என்றால் எட்டு மணித்தியாலம் கணக்கில் எடுங்கள், சாப்பாட்டுக்கும் காலை நீட்டுவதற்கும் நிறுத்துவது உட்பட. இரவு ரயிலை நம்பி அதே நாள் விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். ஹபரண, மின்னேரியா, கல்லோயாப் பக்கத்தில் யானை கடக்கும் இடங்களில் ரயில் மெதுவாகத்தான் வரும், ஒரு யானை அடிபட்டால் பாதையே மூடப்படும். முதல்நாள் பகலில் புறப்பட்டு நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கி, மறுநாள் விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன் கவுண்டருக்குப் போங்கள். கணவருக்கான சக்கர நாற்காலி உதவியை விமான டிக்கெட் எடுக்கும்போதே பதியச் சொல்லுங்கள், குறைந்தது பயணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது.